சம்பந்திக்கு ஒரு தாரா

“அம்மா, என்ன கதைச்சாலும் கதையுங்கோ… அந்தத் தாராக் கதையை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ!”

போன கிழமை விமானத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டின் மறு நுனியைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் ஷாலினி போனில் சொன்ன வார்த்தை இது. மற்ற வீட்டுப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? காதை மூடிக் கட்டுங்கோ, பனியில் வழுக்கி விழுந்துபோடாதேங்கோ என்பார்கள். என் மகளுக்கு என் காலைப் பற்றிக் கவலை இல்லை. வாயைப் பற்றித்தான்.

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வாரா வாரம் இந்தப் பத்தியை வாசிக்கிறீர்களே, நான் எதையாவது மனதுக்குள் வைத்துக்கொண்டதாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

“சொல்லமாட்டன் பிள்ளை” என்றேன். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் யோசப். அறுபத்திரண்டு வயதில் புதிதாக வாங்கிய பச்சை ஜாக்கெட், கழுத்தில் புத்தம் புதிய பைனாகுலர். “இவ சொல்லாமல் இருக்கப் போறாவோ?” என்று சிரித்தார். அவருக்கு அப்பால், ஜன்னலோரத்தில், எங்கள் சம்பந்தி ஊலாவ். அவருக்குத் தமிழ் தெரியாதது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று!

முதலில் சம்பந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஷாலினிக்கும் ஏரிக் என்ற, நோர்வேயின் பேர்கன் நகரத்துப் பையனுக்கும் வருகிற கோடையில் கல்யாணம். ஊலாவ் ஏரிக்கின் தகப்பன். பேர்கனில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு நாளைக்கு நாலு வசனம். இலையுதிர் காலத்தில் முதன்முதலாக ஒஸ்லோவில், குரோருட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சம்பந்தி வருகிறார் என்றால் சும்மாவா? ஆட்டிறைச்சி, இறால், கணவாய், ரோல்ஸ், பிட்டு, இடியப்பம் என்று மேசையில் தண்ணீர்க் கிளாஸ் வைக்க இடமில்லை. மனிதர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். “நன்றி” என்றார். பிறகு ஜன்னல் வழியே வெளியே நின்ற மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இந்த மௌனம் இருக்கிறதே… நோர்வேக்காரருக்கு அது ஒரு நாற்காலி மாதிரி. வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். நமக்குத்தான் அது முள். இரண்டு நிமிடம்கூடத் தாங்கமுடியாமல் யோசப் அவரிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்.

“பறவை” என்றார் ஊலாவ். அவ்வளவு நேரமும் இல்லாத ஒரு வெளிச்சம் முகத்தில் வந்தது.

நாற்பது வருடமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறாராம். என்ன பறவை, எத்தனை, எந்த இடம், எத்தனை மணி, எத்தனை மீட்டர் தூரம், குறிப்பு ஏதும் உண்டா… கணக்கு வாத்தியார் அல்லவா, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார். நோர்வேக் கடலுக்குக் குளிர்காலத்தில் வருகிற தாராக்கள் எல்லாவற்றையும் கண்டாயிற்று — ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, வடக்கே ரஷ்ய எல்லைக்குக் கிட்டிய கரைக்குத்தான் கூட்டமாக வரும். ஓய்வு பெற்றபின் போகலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டாராம். அதன் நோர்வீஜியப் பெயரைத் தமிழில் ‘அலங்காரத் தாரா’ என்று சொல்லலாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நீங்கள் வாத்து என்பதைத்தான் நாங்கள் தாரா என்கிறோம்.)

போனில் படம் காட்டினார். ஆண் தாரா. தலை நீலச் சாம்பல். கன்னம் இளம்பச்சை. சொண்டு, அதாவது அலகு, நல்ல சிவப்பு. சொண்டுக்கு மேலே, நெற்றியில், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கட்டி.

நான் படத்தைப் பார்த்தேன். பிறகு யோசப்பைப் பார்த்தேன். யோசப் என்னைப் பார்த்தார். ஷாலினி எங்கள் இருவரையும் பார்த்தாள். மேசைக்குக் கீழே என் காலில் ஒரு மிதி விழுந்தது.

அந்த நேரத்திலாவது என் மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாரா? “அந்தக் கரையில்தானே நாங்கள் ஆறு வருடம் இருந்தோம்! அங்குள்ள பறவையெல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. வாருங்கள், நாங்கள் கூட்டிக்கொண்டு போகிறோம்” என்று நோர்வீஜிய மொழியில் அடித்துவிட்டார்.

ஆறு வருடம் இருந்தது உண்மை. நோர்வேக்கு வந்த புதிதில் நாங்களும் எங்களைப் போல நிறையப் பேரும் வடக்கே மீன் தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்குப் போனோம். ரப்பர் ஏப்ரனும் பூட்சும் போட்டுக்கொண்டு, நாள் முழுக்க நின்று, கொட் மீனைக் கீறி முள்ளெடுத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. பிறகு ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம். பறவையா? யார் பார்த்தது? வெள்ளையென்றால் கடற்காகம், கறுப்பென்றால் காகம், மிச்சமெல்லாம் தாரா. இதுதான் எங்கள் பறவை சாத்திரம்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் மிகக் கிட்டப் பார்த்திருக்கிறேன். அதுதான் சொல்லக் கூடாத கதை.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஷாலினி வேறொன்றும் சொன்னாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

“ஏரிக்கின்ரை அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருது அம்மா. நடுப் பார்வைதான் போகுதாம். அடுத்த குளிருக்கு அவருக்குப் பறவை பாக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஏரிக்கைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை அவர். நீங்களும் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ.”

யோசப்பின் வீம்பில் பகிடியாகத் தொடங்கிய பயணம் அந்த நிமிடத்தோடு பகிடி இல்லாமல் போய்விட்டது. நாற்பது வருட நோட்டில் ஒரு வெற்றிடம். அதை நிரப்ப அந்த மனிதருக்கு இந்த ஒரு குளிர்தான் மிச்சம். எங்களை நம்பி வருகிறார். நாங்களோ கடற்காகத்தையும் காகத்தையும் மட்டும் அறிந்தவர்கள்.

நாங்கள் தங்கியது, முன்பு வேலை செய்த அதே சின்னத் துறைமுக ஊரில். தொழிற்சாலை துறைமுகத்தின் கடைசியில் அப்படியே நிற்கிறது. வேலை செய்கிறவர்கள்தான் வேறு நாட்டுக்காரர். விடுதி அறையின் ஜன்னலில் நின்றால் அதன் கூரை தெரிந்தது. நான் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டேன்.

முதல் நாள் வாடகைக் கார் எடுத்தோம். ஊலாவ் கார்த் திறப்பை யோசப்பின் கையில் கொடுத்து “நீங்கள் ஓட்டுங்கள்” என்றார். (நோர்வீஜிய மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீ’தான். சம்பந்தி வாயில் ‘நீ’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்களும் ‘நீங்கள்’ என்றே வாசியுங்கள்.) காரணம் எங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் மாதிரி ஏறிக்கொண்டோம்.

பெப்ரவரி கடைசி. இரண்டு மாதம் ஒளிந்திருந்த சூரியன் திரும்பி வந்து, கடலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் இறங்குவது, முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டுவது, பேசாமல் நிற்பது. அந்தப் பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? நாங்கள் கடலைக் கண்டால்தானே கதைக்கவே தொடங்குவோம்! யோசப் தீவுக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். அலையைப் பார்த்ததும் அவருக்கு ஆயிரம் கதை வரும். நான் அவர் வாய் திறக்கும் போதெல்லாம் ஒரு மட்டன் ரோல்ஸைக் கையில் கொடுத்து அடைத்தேன். ஊலாவுக்கும் கொடுத்தேன். அவர் நாலு சாப்பிட்டார்.

மத்தியானம் போல தூரக் கடலில் ஒரு பெரிய தாராக் கூட்டம். தொலைநோக்கியில் கண்ணை வைத்த யோசப் குதித்தார். “இருக்கு! செம்மஞ்சள் நெத்தி! இரண்டு… இல்லை, மூண்டு! சம்பந்தியைக் கூப்பிடும்!”

ஊலாவ் குனிந்து பார்த்தார். தலையை இடது பக்கம் சரித்துப் பார்த்தார். வலது பக்கம் சரித்துப் பார்த்தார். காற்று முகத்தில் ஊசி குத்துகிறது; மனிதர் அசையவில்லை. பத்து நிமிடம் கழித்து நிமிர்ந்தார்.

“புள்ளிகள்” என்றார்.

“நான் கண்டேன்தானே, எழுதுங்கள்!” என்றார் யோசப்.

“நீங்கள் கண்டீர்கள். நான் காணவில்லை” என்றார் ஊலாவ், கோபமில்லாமல். “காணாததை நான் எழுதுவதில்லை.”

நோட்டைத் திறக்காமலே ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழி முழுக்க நான் அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். தூரத்தில் நிற்கிற எந்தப் பறவையும் இனி இவருக்குப் புள்ளிதான். கிட்ட வரவேண்டும். காலடிக்கு வரவேண்டும். அப்படி வருகிற ஒரு இடம் எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் பனிப்புயல். காருக்குள் இருந்து கண்ணாடியைத் துடைத்ததுதான் மிச்சம். ரோல்ஸ் முடிந்துவிட்டது. பின்னேரம் விடுதியில் நான் மெதுவாகத் தொடங்கினேன்.

“இஞ்சாருங்கோ… ஃபக்டரிக்குப் பின்னாலை ஒருக்காப் போய்ப் பாப்பமே?”

யோசப் சப்பாத்தைக் கழற்றியபடி என்னை முறைத்தார். “எப்பிடித் தெரியும் எண்டு அந்தாள் கேட்டால் என்ன சொல்லுவீர்? பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொன்னவள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்.”

சும்மா இருந்தேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏன்? பயம். வெட்கம். பறவையை உயிராக நினைக்கிற மனிதர். அவர் நாற்பது வருடம் தேடியதை நான் என்ன செய்தேன் என்று தெரிந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்? என்னைப் பற்றி நினைப்பது போகட்டும். நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகிற என் பிள்ளையை எந்தக் கண்ணால் பார்ப்பார்? இப்படி நினைத்து நினைத்து இரண்டு பகல் அந்த மனிதரைப் புள்ளிகளைப் பார்க்க விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள். மூன்று மணிக்கு விமானம். புயல் ஓய்ந்திருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் ஊலாவ் வரைபடத்தை விரித்து, கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு நில முனையைக் காட்டினார். ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கே போனால் வேறு எங்கும் போக நேரம் இருக்காது. பார்த்துவிட்டு நேரே விமான நிலையம்தான். யோசப் காரைச் சூடாக்க எழுந்தார்.

ஊலாவ் முட்டைக்கு உப்புப் போட கையை நீட்டினார். கை உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில், வெறும் மேசையில் போய் உட்கார்ந்தது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி விரலை மெல்ல நகர்த்திப் போத்தலைப் பிடித்தார். நானும் கவனிக்காத மாதிரிக் கோப்பியைக் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன்.

“ஊலாவ்” என்றேன். “முனைக்குப் போகவேண்டாம். தொழிற்சாலையின் படகு கட்டும் ஜெட்டிக்குப் போவோம். அங்கே வரும். கிட்டவே வரும்.”

யோசப் கதவடியில் நின்றுவிட்டார்.

“எப்படித் தெரியும்?” கேட்டுவிட்டார்!

“முந்தி அங்கே கண்டிருக்கிறேன்.”

“அலங்காரத் தாராதான் என்று நிச்சயமா? இங்கே சாதாரணத் தாராதான் அதிகம்.”

“நெற்றியில் செம்மஞ்சள் கட்டி இருந்தது. தலை நீலச் சாம்பல்.”

ஊலாவ் நோட்டை எடுத்தார். பேனையைத் திறந்தார். வகுப்பில் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

“எத்தனை மீட்டர் தூரத்தில்?”

கடவுளே, பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இருபது மீட்டர் என்றிருப்பேனே!

“தூரம் இல்லை” என்றேன். “கையில்.”

அவர் பேனை நின்றது. இனி மறைக்க என்ன இருக்கிறது? “மகள் சொல்லவேண்டாம் என்று வாக்கு வாங்கியிருக்கிறாள், ஆனால் சொல்கிறேன்” என்று தொடங்கினேன்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன், வடக்கில் எங்களுக்கு முதல் நத்தார், கிறிஸ்மஸ். சின்ன வீட்டில் எட்டுப் பேர். நாள் முழுக்க இருட்டு. மூன்று வேளையும் மீன். நத்தாருக்காவது ஒரு கோழிக் கறி இல்லையே என்று எல்லாருக்கும் மனக்குறை. நத்தாருக்கு முதல் நாள் ஜெட்டிக்குக் கிட்ட ஒரு படகுக்காரரின் வலையில் பறவை ஒன்று சிக்கிச் செத்துக் கிடந்திருக்கிறது. அவர் எறியப் போனதை யோசப் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். சட்டம் காக்கிற பறவை என்று அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னது? “நத்தாருக்குத் தாரா!” என்று வாசலில் நின்று கத்தினார் மனுஷன்.

நெற்றிக் கட்டியைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏதோ வருத்தம், நோய் பிடித்த தாரா என்று நினைத்துவிட்டேன். இவ்வளவு பெரிய கட்டி வேறு எதற்கு வரும்? தலையை வெட்டித் தூர எறிந்துவிட்டு, வருத்தம் எங்களுக்குத் தொற்றாமல் இருக்க மஞ்சளை இரண்டு மடங்கு போட்டு, ஊரிலிருந்து பார்சலில் வந்த கறித்தூளை முழுவதும் கொட்டிச் சமைத்தேன். வீடு முழுக்க மீனெண்ணெய் நாற்றம். இறைச்சியா, மீனா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எட்டுப் பேரும் சாப்பிட்டோம். நத்தார் அல்லவா!

சொல்லி முடித்தேன். ஊலாவ் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தில் அவருக்கும் நாற்காலி இல்லை என்று தெரிந்தது. யோசப் கதவுப் பிடியை ஆராய்ந்துகொண்டு நின்றார். எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அந்தோனியாரே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அவர். தின்றதைத் தேடித் தருவாரா தெரியவில்லை.

“இரைப்பை?” என்றார் ஊலாவ்.

“என்ன?”

“இரைப்பையைப் பார்த்தீர்களா?”

பார்த்தேனாவா? எங்கள் சமையலில் இரைப்பையை யாராவது பார்க்காமல் எறிவார்களா? கீறி, உள்ளே இருப்பதைக் கொட்டி, உள்தோலை உரித்து, உப்புப் போட்டு உரஞ்சிக் கழுவி… யோசப்புக்கு இறைச்சியைவிட அதுதான் விருப்பம்.

“மட்டி” என்றேன். “உடைந்த கறுப்பு மட்டி ஓடு, கை நிறைய. சின்னச் சின்ன மட்டி. ஜெட்டித் தூண்களில் பிடித்திருக்குமே, அதே மட்டி. கழுவும்போதே நினைத்தேன்.”

ஊலாவ் பேனையை மூடினார். “அப்படியென்றால் அது அங்கேதான் மேய்ந்திருக்கிறது” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னிடம், “தூண்கள் இன்னும் மரம்தானா?”

“மரம்தான்! வந்த அன்றே பார்த்தேன்” என்று யோசப் உயிர் பெற்று வந்தார். போனைத் தட்டினார். “பதினொரு மணிக்குக் கடல் வற்றுகிறது. வற்றும்போது மட்டி மேலே நிற்கும். தாராவுக்கு ஆழம் போகத் தேவையில்லை!” கடற்கரைப் பிள்ளைக்கு மூன்று நாளில் முதன்முதலாக ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஊலாவ் வரைபடத்தை நாலாக மடித்தார். “ஜெட்டிக்குப் போவோம்” என்றார். கோபமா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தொழிற்சாலை வாசலில் ஒரு பெண் ஏப்ரனோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே விடலாமா என்று கேட்டேன். யோசித்தாள். “நானும் ஒரு காலத்தில் இங்கே மீன் வெட்டியவள்தான்” என்றேன். என் கையைப் பார்த்தாள். பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

ஜெட்டியில் கட்டடத்தின் மறைவில் காற்று இல்லை. கீழே கடல் வற்றிக்கொண்டிருந்தது. தூண்களில் ஈரமான கறுப்பு மட்டி, கொத்துக் கொத்தாக. பத்தரை மணி — ஒன்றுமில்லை. பத்தே முக்கால் — சாதாரணத் தாரா ஒரு ஜோடி வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பதினொன்று. கால் விரல் மரத்துவிட்டது. ஷாலினியிடமிருந்து மெசேஜ்: “எப்பிடிப் போகுது?” நான் பதில் போடவில்லை. வாக்கை மீறியாயிற்று, முனையையும் தடுத்தாயிற்று. இனி இது வராவிட்டால் அந்த மனிதருடைய கடைசி நாளை நான்தான் தின்றதாக ஆகும். பறவையையும் தின்று, நாளையும் தின்று…

யோசப் என் கையைச் சுரண்டினார். கண்ணால் கீழே காட்டினார்.

எங்கள் காலடியில், இரண்டு தூண்களுக்கு நடுவே, தண்ணீர் மெல்ல வீங்கி உடைந்தது. முதலில் வந்தது அந்தச் செம்மஞ்சள் கட்டி. பிறகு சிவப்புச் சொண்டு, அதில் ஒரு மட்டிக் கொத்து. நீலச் சாம்பல் தலையில் தண்ணீர் மணி மணியாக உருண்டு விழுந்தது. இளம்பச்சைக் கன்னம். தாரா எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. தலையை உதறியது. மட்டியை விழுங்கியது.

ஊலாவ் பைனாகுலரைத் தொடவில்லை. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, மிச்சமிருக்கிற ஓரப் பார்வையால் பார்த்துக்கொண்டு நின்றார். தாரா மூழ்கியது. அவர் மூச்சுவிடவில்லை. மறுபடி வந்தது, பின்னால் இன்னும் இரண்டு. மூன்றும் ஆண். மூன்றும் எங்கள் காலடியில்.

“அந்த நிறம்…” என்றார். “படத்தில் இருப்பதைவிட… அந்த நிறம்…”

கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவருக்காக அழுதேன். தாராவுக்காகவும்தான். எவ்வளவு வடிவு! கடவுள் இருந்து யோசித்து நிறம் தீட்டிய முகத்தையா நான் வருத்தம் என்று நினைத்து வெட்டி எறிந்தேன்? “மன்னிச்சுக்கொள் ராசா” என்று தாராவிடம் மெதுவாகச் சொன்னேன்.

“இஞ்சாரும்” என்று யோசப் காதுக்குள் வந்தார். “எண்டாலும் அந்த இரைப்பை ருசிதான்.”

பச்சை ஜாக்கெட்டுக்கு மேலால் கிள்ளினால் மனுஷனுக்கு வலிக்கவே இல்லை.

விமானத்தில் ஊலாவ் ஜன்னல் சீட்டை யோசப்புக்குக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டை எடுத்து, கண்ணுக்கு மிகக் கிட்டப் பிடித்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் நீட்டினார்.

அலங்காரத் தாரா. மூன்று, ஆண். தொழிற்சாலை ஜெட்டி. காலை பதினொன்று பத்து. தூரம்: ஆறு மீட்டர்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

அலங்காரத் தாரா. ஒன்று, ஆண். அதே ஜெட்டி. முப்பத்தைந்து வருடத்துக்கு முன், டிசம்பர். கண்டவர் — என்று போட்டு என் பெயர். தூரம்: பூச்சியம் மீட்டர்.

எனக்கு எழுத்து மங்கியது. “காணாததை எழுதமாட்டேன் என்றீர்களே” என்றேன்.

“இரைப்பை வரைக்கும் பார்த்த ஆளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?” என்றார் ஊலாவ். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். நாற்பது வருட நோட்டில் அடுத்தவர் கண்ட பறவை அது ஒன்றுதானாம்.

கடைசிக் கட்டம், குறிப்பு. அதில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. விரலால் தொட்டுக் காட்டி, ஏன் என்று கேட்டேன்.

“நீங்கள் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களே. நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்றார்.

பாருங்கள், அந்த நல்ல மனிதர் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுக் காப்பாற்றிய ரகசியத்தைக்கொண்டு நான் ஒரு பக்கத்தையே நிரப்பிவிட்டேன்!